மூன்று சென்டிமீட்டர் குழாய்

மயிலாப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டிசம்பர் சீசனில் நாலு பேர் உட்கார்ந்து செய்யும் கச்சேரிக்கே ஆளுக்கொரு மைக் வைக்கிறார்கள். ஓபராவில் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை மீறி ஒரே ஆளின் குரல் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை எப்படிக் கேட்கிறது?"

நியாயமான சந்தேகம்தான். ஓபரா என்பது வசனத்தையும் பாட்டாகவே பாடும் ஐரோப்பிய இசை நாடகம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் சுமார் 3,800 பேர் உட்காரலாம். பாடகருக்கும் அவர்களுக்கும் நடுவே, பள்ளத்தில், வயலின், டிரம்பெட், முரசு என்று ஒரு படையே வாசித்துக்கொண்டிருக்கும். கத்திப் பாடினால் ஆயிற்று என்று தோன்றும். ஆகாது. எவ்வளவு முக்கினாலும் மனிதக் குரலின் ஒலித்திறன் ஒரு வாட்டை ஒட்டித்தான் நிற்கும். பலத்தில் ஆர்கெஸ்ட்ராவை ஜெயிக்க முடியாது, அதனால் பாடகர் வேறு வழியில் போகிறார்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குரல்நாண்கள் அதிரும்போது ஒரு சுரம் மட்டும் வருவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்களும் கூடவே வரும். தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் அவற்றில் சிலவற்றைப் பெருக்கும், சிலவற்றை அடக்கும். பிளஸ் டூ ஆய்வகத்தில் இசைக்கவையை வைத்துச் செய்த ஒத்ததிர்வுச் சோதனைதான் இது. ஒருபுறம் மூடிய குழாய்க்கு, ஒலியின் வேகத்தைக் குழாய் நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். ஆணின் தொண்டைக்குழாய் சுமார் 17 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 500 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 500 அதிர்வு, வரும். வம்பு இங்கேதான். ஆர்கெஸ்ட்ராவின் ஒலியும் 500 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் உச்சத்தில் இருக்கிறது. அங்கே போட்டி போட்டால் குரல் மூழ்கிவிடும்.

1970களில் ஸ்டாக்ஹோமில் யோஹான் சுண்ட்பெரி என்ற ஆய்வாளர் இதைத் துருவிப் பார்த்தார். தேர்ந்த ஓபரா பாடகர்களின் குரலில், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி தனியாக ஓங்கி, வரைபடத்தில் ஒரு மேடாக எழும்பி நின்றது. நாம் சாதாரணமாகப் பேசும்போது அந்த மேடு இல்லை. எங்கிருந்து வந்தது?

குரல்நாண்களுக்கு நேர் மேலே, தொண்டை அகலமாவதற்கு முன்னால், ஒரு குட்டிக் குழாய் இருக்கிறது. நீளம் மூன்று சென்டிமீட்டருக்குள். ஓபரா பாடகர் குரல்வளையைக் கீழே இறக்கித் தொண்டை அறையை அகலமாக்குகிறார். குட்டிக் குழாயின் வாயைவிட அதன் மேலுள்ள அறையின் குறுக்குப் பரப்பு ஆறு மடங்காவது ஆகிவிட்டால், அந்தக் குழாய் பெரிய குழாயிலிருந்து கழன்றுகொண்டதுபோல் தனியாக ஒத்ததிர ஆரம்பிக்கிறது. அதே பள்ளிக்கூடச் சூத்திரத்தில் மூன்று சென்டிமீட்டரைப் போட்டுப் பாருங்கள்: 2,833 ஹெர்ட்ஸ்! அந்த உயரத்தில் ஆர்கெஸ்ட்ராவின் ஒலி வெகுவாக வற்றிப்போயிருக்கும். முதல் நாள் முதல் காட்சியில் அத்தனை கைதட்டலையும் கிழித்துக்கொண்டு ஒற்றை விசில் கேட்கிறதே, அப்படித்தான் இதுவும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்த சங்கதி. நம் காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரை உள்ள தூரம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். அதுவும் ஒருபுறம் மூடிய குழாய்தான், அதுவும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத்தான் பெருக்கிக் கொடுக்கிறது. பாடுகிறவர் தொண்டையில் ஒரு குழாய், கேட்கிறவர் காதில் கிட்டத்தட்ட அதே நீளத்தில் இன்னொன்று. நடுவே மின்சாரம் எதுவும் இல்லை.

உச்சத்தில் பாடும் சோப்ரானோ பெண்களுக்கு இந்த வித்தை அவ்வளவாகத் தேவைப்படாது. அவர்கள் தாடையை நன்றாகத் திறந்து, தொண்டைக்குழாயின் முதல் ஒத்ததிர்வையே பாடும் சுரத்துக்கு உயர்த்திவிடுகிறார்கள். அதற்கு விலையும் உண்டு. அந்த உயரத்தில் 'இ', 'எ', 'அ' எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். ஓபராவில் வார்த்தையே புரியவில்லை என்று நொந்துகொள்பவர்கள் தங்கள் காதைக் குறை சொல்ல வேண்டாம்.

மும்பையில் பிறந்து உலக மேடைகளில் பாடிய சோப்ரானோ பாட்ரிசியா ரொசாரியோ மாதிரி ஒருவரின் தொழில் வாழ்க்கை முழுக்க இந்தத் தசைக் கட்டுப்பாட்டை நம்பித்தான் நடக்கிறது. இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் வேறு ஊர். ஒலியமைப்பாளர் வந்து காப்பாற்ற மாட்டார். விமானத்தின் வறண்ட காற்றுக்கு அவர்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. நம்மூரில் தயிருக்குப் பயப்படுகிறோம்! விழுங்கும் எதுவும் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை, அது உணவுக்குழாய் வழியே போய்விடுகிறது. பனங்கற்கண்டும் அப்படித்தான். கச்சேரி முடிந்து பத்தரை மணிக்கு நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி வரும். குரலுக்கு நிஜமான எதிரி அதுதான், ஆனால் அதைச் சொன்னால் சபா கேன்டீனில் யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, நம் பாடகர்கள்? எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மைக் இல்லாத நாடக மேடையில்தான் பேரெடுத்தார்கள். அவர்கள் குரல்வளையை இறக்கவில்லை, சுருதியை ஏற்றினார்கள். சுருதி ஏறினால் மேற்சுரங்களும் காது கூர்மையாகக் கேட்கும் பகுதியை நோக்கி நகரும். அதே சிக்கலுக்கு அது இன்னொரு விடை என்பது என் கருத்து. மைக் வந்த பிறகு அந்த அவசியம் போனது, மென்மையாகப் பாட வழி பிறந்தது. அதை நஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கமகத்தில் குரல்வளை எப்படி அசைகிறது, இரண்டு மணி நேரம் பாடினால் குரல்நாண்கள் என்ன ஆகின்றன என்பதையெல்லாம் சுண்ட்பெரி தன் ஊர்ப் பாடகர்களிடம் பார்த்ததுபோல நாமும் பார்க்க வேண்டாமா? சென்னை ஐஐடியும் பங்கெடுத்து, கர்நாடக இசையைக் கணினி வழியே ஆராய்ந்த கம்ப்மியூசிக் திட்டத்துக்கு ஐரோப்பிய ஆராய்ச்சிக் கழகம் பணம் கொடுத்தது, தலைமை பார்சிலோனாவில் இருந்தது. அவர்களுக்கு நன்றி. அடுத்த திட்டத்துக்கு, சீசன் மலர்களில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுக்கும் நம்மூர் நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் இரண்டு பக்கக் காசை ஒதுக்கலாம்.