உவர் மண்ணில் நித்தியகல்யாணி

நித்தியகல்யாணியை ஆடு மாடு கடிக்காது. இலையில் புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் இருக்கின்றன, வேரில் அஜ்மாலிசின் என்ற மருந்துப் பொருள். திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரியிலேயே வந்துவிடும் செடி. உப்பு ஏறிய மண்ணில் மட்டும் திணறும். அங்கே வேர்ப் பாக்டீரியாவும் பாசியும் கைகொடுக்குமா?

மண்ணிலுள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர் நிலம். அங்கே ஈரம் இருந்தாலும் வேரால் எளிதில் உறிஞ்ச முடியாது. போதாததற்குச் செடி தனக்குத்தானே ஒரு கெடுதலும் செய்துகொள்ளும். உப்பு பட்டதும் ஏசிசி என்ற பொருளை நிறையத் தயாரித்து, எத்திலீன் வாயுவாக மாற்றுகிறது. வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான். அளவு மீறினால் வேர் நீளாது. இலை மஞ்சளாகி உதிரும்.

சில வேர்ப் பாக்டீரியாக்களுக்கு இந்த ஏசிசி தீனி. வேரிலிருந்து கசிவதை ஒரு நொதியால் உடைத்து, கிடைக்கும் அம்மோனியாவைத் தழைச்சத்தாக எடுத்துக்கொள்கின்றன. வெளியே ஏசிசி குறையக் குறைய உள்ளே இருப்பதும் கசிந்து வரும், எத்திலீன் இறங்கும். கனடாவின் பெர்னார்ட் கிளிக் குழு 1998-இல் முன்வைத்த விளக்கம் இது. உப்பில் வளர்த்த நித்தியகல்யாணிக்கு இத்தகைய பாக்டீரியாவைக் கொடுத்த ஆய்விலும் எத்திலீன் குறைந்தது.

மூலிகையில் ஒரு சிக்கல் உண்டு. உப்பு, வறட்சி போன்ற அழுத்தத்தில் வாடும் செடி சில சமயம் மருந்துப் பொருளைக் கூடுதலாகவே சேர்க்கும்; ஆனால் செடியே சிறுத்துவிட்டால் மொத்தத்தில் என்ன மிஞ்சும்? நீர்ப் பற்றாக்குறையில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைக் கொடுத்துப் பார்த்த 2007 ஆய்வில் செடியின் எடை, அஜ்மாலிசின் இரண்டும் கூடின. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த 'இரண்டும்'தான்.

சரி, பாசி? நாஸ்டாக், அனபீனா போன்ற நீலப்பச்சைப் பாசிகள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். அவற்றின் வழவழப்பான உறை சோடியத்தில் கொஞ்சத்தைப் பற்றிக்கொண்டு மண் துகள்களையும் ஒட்டவைக்கும். 1950-லேயே ஆர். என். சிங், வட இந்தியாவின் ஊசர் எனப்படும் உவர், களர் நிலங்களைத் திருத்த இவற்றைப் பரிந்துரைத்தார். ஆனால் இவை செழிக்க ஈரம் நிற்க வேண்டும். வயலுக்குப் பொருந்துகிற அளவு மானாவாரிக் காட்டுக்குப் பொருந்தாது. குளோரெல்லா என்ற பச்சைப் பாசி நைட்ரஜனைப் பிடிக்காது. அதன் சாற்றிலுள்ள வளர்ச்சி ஊக்கிகளுக்காகத்தான் தெளிக்கிறார்கள்.

இவை எதுவும் உப்பை வெளியேற்றாது. அதற்கு வடிகாலும் நல்ல தண்ணீரும் வேண்டும், சோடியம் மிகுந்த களர் நிலமென்றால் ஜிப்சமும். பாக்டீரியாப் பொடியை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். பூஞ்சணக்கொல்லியோடு மட்டும் சேர்க்கக் கூடாது. உவர் நிலத்திலிருந்தே பிரித்தெடுத்த ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். உப்பில் தாக்குப்பிடிக்க அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.