ஜேபெக்கை பிஎன்ஜி ஆக்கினால் படம் தெளிவாகுமா?

ஆகாது. ஜேபெக் (JPEG), பிஎன்ஜி (PNG) இரண்டும் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஃபார்மட்கள். ஒன்றை மற்றதாக மாற்றினால் ஃபைல்தான் பல மடங்கு வீங்கும்.

ஃபைல் பெயரின் வாலில் இருக்கும் எழுத்தை மாற்றுவதும் ஃபார்மட்டை மாற்றுவதும் ஒன்றல்ல. மாற்றித் தரும் மென்பொருள் முதலில் பழைய ஃபைலை முழுவதும் பிரித்து, படத்தின் சின்னப் புள்ளிகளான பிக்சல்கள் எல்லாவற்றையும் மெமரியில் பரப்பி வைக்கிறது. 4000க்கு 3000 அளவுள்ள செல்போன் போட்டோ என்றால் 1.2 கோடி பிக்சல், ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என 3 பைட், ஆக 36 எம்பி. இதைத்தான் புது ஃபார்மட் தன் வழியில் மறுபடி சுருக்குகிறது.

1992இல் சர்வதேசத் தரநிலையாக ஏற்கப்பட்ட ஜேபெக், முதலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் சட்டென்று தெரியும், நிறத்தில் அந்தக் கூர்மை கிடையாது. அதனால் பெரும்பாலும் 4 பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல் போதும் என்று விட்டுவிடுகிறது. அப்புறம் படத்தை 8க்கு 8 கட்டங்களாக வெட்டி, கட்டத்திலுள்ள 64 எண்களையும் மெதுவாகவோ வேகமாகவோ ஏறி இறங்கும் 64 அலை வடிவங்களின் கூட்டுத்தொகையாக எழுதிக்கொள்கிறது. நசீர் அகமது (இவர் பெங்களூரில் பிறந்தவர்), நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட கணக்கு இது.

உண்மையான வெட்டு அடுத்த படியில் விழுகிறது. ஒவ்வொரு அலையின் அளவையும் அதற்கென வைத்திருக்கும் ஓர் எண்ணால் வகுத்து, விடையை முழு எண்ணாக்குகிறார்கள். நுணுக்கமான ஓர் அலையின் அளவு 30, வகுக்கும் எண் 99 என்றால் விடை 0.3, அதாவது 0. திரும்ப 99ஆல் பெருக்கினாலும் 0 தான், அந்த 30 போனது போனதுதான். படத்தைச் சேமிக்கும்போது 'குவாலிட்டி' என்று நாம் இழுத்து விளையாடுகிறோமே, அது இந்த வகுக்கும் எண்களைத்தான் ஏற்றி இறக்குகிறது.

1996இல் வந்த பிஎன்ஜி எதையும் எறியாது. இடப்பக்கமும் மேலேயும் உள்ள பிக்சலை வைத்து அடுத்ததை ஊகித்து, வித்தியாசத்தை மட்டும் சேமிக்கும். வெள்ளைப் பின்னணி என்றால் வித்தியாசம் எல்லாம் 0, பிரமாதமாகச் சுருங்கும். போட்டோவில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கூடக் கொஞ்சம் மாறும், ஊகம் தப்பாகிக்கொண்டே இருக்கும், அதனால் அவ்வளவாகச் சுருங்காது. ஜேபெக்கை அதில் போட்டால், ஜேபெக் விட்டுச்சென்ற கறைகளையும் சேர்த்து ஈயடிச்சான் காப்பி எடுத்து வைக்கும், அவ்வளவுதான்.

எதிர்த்திசையில் போனாலும் வம்பு. ஸ்கிரீன்ஷாட்டை ஜேபெக் ஆக்கினால், எழுத்தின் கூரான விளிம்புக்குத் தேவையான நுண் அலைகள் வெட்டுப்பட்டு ஓரமெல்லாம் தூசு படிந்ததுபோல் ஆகும், சிவப்பு எழுத்தென்றால் நிறமும் சேர்ந்து கசியும். பின்னணி இல்லாத லோகோ ஜேபெக்கில் கறுப்போ வெள்ளையோ பூசிக்கொண்டு வரும், ஏனென்றால் அதில் ஒளிபுகும் தன்மைக்கு இடமே இல்லை.

கூகுள் 2010இல் வெளியிட்ட வெப்பி (WebP) என்ற பட ஃபார்மட், விபி8 என்ற வீடியோ சுருக்க முறையிலிருந்து பிறந்தது. பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து ஊகித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் அலைகளாக்கும். இழப்போடும் இழப்பில்லாமலும் சேமிக்கலாம், ஒளிபுகும் தன்மையும் உண்டு. ஏவி1 என்ற வீடியோ சுருக்க முறையிலிருந்து வந்த ஏவிஐஎஃப் (AVIF) பல போட்டோக்களை இன்னும் சிறிதாக்கும், ஆனால் மாற்ற நேரம் பிடிக்கும். இன்றைய முக்கிய பிரவுசர்கள் இரண்டையும் காட்டுகின்றன. எதற்கு மாற்றினாலும் மூலப் படத்திலிருந்தே மாற்றுங்கள், ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்கினால் கறைமேல் கறை.

சரி, இதற்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியது அகலத்தைக் குறைப்பது. இணையப் பக்கத்தில் 800 பிக்சல் இடம்தான் என்றால் 4000 அகலப் படம் எதற்கு? குறைத்தால் பிக்சல் எண்ணிக்கை 25இல் ஒரு பங்காகிவிடும். கூர்மையான செல்போன் திரைக்காக 1600 வைத்தாலும் ஆறில் ஒரு பங்குக்கும் கீழேதான்.