கணினி ஆசானுக்கு மதிப்பெண் இடுவது யார்?

லெசோனுக்கு, அதாவது தனிப்பயிற்சி வகுப்புக்கு, பணம் கட்டி மாளவில்லை என்றும், பைத்தான் நிரல்மொழியைக் கணினியே கற்றுத்தரும் மென்பொருளை நம்பி வாங்கலாமா என்றும் மொரீசியஸின் ரோஸ் ஹில் நகரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். இலவசமாகத் தந்த பாடங்களில் மகன் தொண்ணூறு மதிப்பெண் எடுத்தானாம். அந்தத் தொண்ணூறைப் போட்டது விற்பவருடைய மென்பொருளே என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தகைய பயிற்றுநிரல்கள் புதியவை அல்ல. 1980-களில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஆண்டர்சன் குழுவினர் லிஸ்ப் என்னும் நிரல்மொழிக்கு ஒன்றை உருவாக்கினர். நிரலாக்கத் திறனைச் சிறுசிறு விதிகளாகப் பிரித்து, மாணவர் வைக்கும் ஒவ்வோர் அடியையும் அவ்விதிகளோடு அது ஒப்பிட்டது.

இதில் என்னை மயக்குவது, 1995-இல் ஆல்பர்ட் கோர்பெட்டும் ஆண்டர்சனும் விளக்கிய, மாணவர் ஒரு விதியை அறிந்திருப்பாரா என்று மதிப்பிடும் கணக்கு. ஒன்று முதல் பத்து வரை அச்சிடச் சொன்னால், சிறுவன், எண்வரிசை தரும் கட்டளையை ரேஞ்ச்(1, 10) என்று எழுதுகிறான். பைத்தான் இறுதி எண்ணை விட்டுவிடுவதால் திரையில் 9-உடன் நின்றுவிடுகிறது. அவனுக்கு விதி தெரியாதா, கைத்தவறா? இத்தகைய நூறு மாணவரில் ஐம்பது பேருக்கு விதி தெரியும் என்றும், தெரிந்தவர் பத்து விழுக்காடு தவறுவர் என்றும், தெரியாதவர் இருபது விழுக்காடு குருட்டாம்போக்கில் சரியாக எழுதுவர் என்றும் கொள்வோம். தவறியவர் நாற்பத்தைந்து பேர். அவர்களில் விதி அறிந்தவர் ஐவரே. ஆகவே ஐம்பது விழுக்காட்டு நம்பிக்கை பதினொன்றாகச் சரிகிறது. சரியாக எழுதியிருந்தால் எண்பத்திரண்டாக ஏறியிருக்கும். அந்தக் கணக்கைப் போடும்போதே அவன் கற்றிருக்கக்கூடும் என்பதற்காக இன்னும் சிறிது கூட்டி, தொண்ணூற்றைந்தைத் தொடும்வரை அதே விதிக்குப் புதுப்புதுக் கணக்குகளை நிரல் தருகிறது.

மென்பொருளைச் சோதிக்கும் வழியும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு விதியைக் கையாளும் வாய்ப்பு வரவர அதில் நேரும் பிழைகள் சீராகக் குறைய வேண்டும். குறையாவிட்டால், மாணவரைக் குறை சொல்லுமுன் விதியைப் பிரித்த முறையை ஐயுற வேண்டும். மடக்கு (ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் அமைப்பு) என்று ஒரே விதியாக எழுதியதற்குள் இறுதி எண் பற்றிய தனி விதி ஒளிந்திருக்கலாம்.

ஆயினும் வெளித்தேர்வு இன்றியமையாதது. கோர்பெட்டும் ஆண்டர்சனும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பிழை உடனே திருத்தப்பட்ட மாணவர் பயிற்சியை மிக விரைவில் முடித்தனர். தேர்விலோ, வேறு வகையில் பின்னூட்டம் பெற்றவரைவிட அவர்கள் மேலோங்கவில்லை. பல பாடங்களின் ஆய்வுகளைத் தொகுத்த கர்ட் வான்லேன், 2011-இல், தனிப்பயிற்சி பெறாதவரோடு ஒப்பிட்டால், தனியே கற்பிக்கும் மனித ஆசிரியரின் பயன் 0.79 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) என்றும், ஒவ்வோர் அடியையும் கவனிக்கும் கணினியின் பயன் 0.76 என்றும், விடையை மட்டும் பார்ப்பதன் பயன் 0.31 என்றும் கணித்தார். வண்ணத்திரைக்குப் பணத்தை அள்ளி இறைக்கும் நம் கல்வித் திட்டங்கள், அதில் ஒரு பங்கையாவது இத்தகைய சோதனைக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்தத் தாய் விற்பவரிடம், மென்பொருள் அடிகளைப் பார்க்கிறதா, விடையை மட்டுமா என்று கேட்கட்டும். குறிப்புப் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தியே விடையைக் கறந்துவிடும் சாமர்த்தியம் பிள்ளைகளுக்கு உண்டு. ஆகவே மென்பொருளை மூடிவிட்டு, ஒன்று முதல் இருபது வரையுள்ள இரட்டை எண்களைக் கூட்டும் நிரலை வெறும் தாளில் எழுதச் சொல்லி, ரேஞ்சின் இறுதி எண்ணாக அதில் ஏன் 21 வருகிறது என்றும் மகனைக் கேட்ட பின்பே பணம் கட்டலாம்.