பெயர்வெளி இல்லைங்க, பெயர்ப்பட்டி

போன வாரம் ஈரோட்டில் நிரல் எழுதும் தம்பி ஒருவர் கேட்டார்: "ஏனுங்கண்ணா, பெயர்வெளின்னா வெட்டவெளிதானுங்களே, அதுல எடம் புடிக்க எதுக்குங்க அனுமதி?" தம்பி மேல் தப்பில்லை, நேம்ஸ்பேஸுக்கு, அதாவது நிரல்களில் ஒரே பெயர் இரண்டுக்கு வராமல் காக்கும் அடைப்புக்கு, 'பெயர்வெளி' என்று எழுதி வைத்தவர்கள் மேல்தான் தப்பு.

ஸ்பேஸுக்கு மூலம் இலத்தீன் ஸ்பாட்டியம். இடம், இடைவெளி என்று பொருள். நம்மாட்கள் விண்வெளியில் இருந்த 'வெளி'யைப் பிடுங்கி ஒட்டிவிட்டார்கள். சரி, உருபு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: 'பெயர்வெளியில் உள்ள பெயர்கள்'. வெளியில் என்றால் வெளியேதானே? உள்ளே இருப்பதைச் சொல்ல வந்த சொல் வெளியே தள்ளுகிறது. போதாக்குறைக்கு ரிலீஸை 'வெளியீடு' என்கிறோம், அதனால் 'பெயர்வெளியில் வெளியிட்டோம்' என்றெல்லாம் எழுத வேண்டியிருக்கிறது. (எங்கள் ஊரில் 'வெளிக்குப் போவது' என்றால் என்ன என்பதை விட்டுவிடுகிறேன்.) 'பெயரிடம்' என்பது இன்னொரு கட்சி. 'பெயரிடம் கேட்டோம்' என்றால், பெயரைப் பார்த்தா கேட்டீர்கள்?

விஷயம் இவ்வளவுதான்: ஓர் அடைப்புக்குள் ஒரு பெயர் ஒன்றுக்குத்தான். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அமெச்சூர் வானொலிக்காரர்களின் பழைய நிரலுக்கும், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸுக்கும் 'நோட்' என்று ஒரே கட்டளைப் பெயர். வேறு வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்கள் ஒரே பெயரில் வரக் கூடாது என்பது அங்கே விதி, இரு தரப்பும் விடவில்லை, 2012இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு வரைக்கும் போனது. அப்புறம் பல காலம் அங்கே 'நோட்ஜேஎஸ்' என்றுதான் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. பைத்தான் மொழி நிரல்களின் பொதுக் கிடங்கான பைபிஐயில் யாரோ கைவிட்ட பெயரைக் கேட்டாலும் உடனே தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். உரியவரைக் குறைந்தது 3 முறை தேடுவார்கள், 6 வாரம் வரை பார்ப்பார்கள்.

இதுவா வெளி? ஆட்டுப்பட்டி ஐயா இது. சுற்றிலும் படல், உள்ளே விடுமுன் யார் ஆடு என்று பார்க்க ஓர் ஆள். ஊரில் நாலு பழனிச்சாமி இருந்தால் தோட்டத்துப் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுகிறோமே, அதுவும் இதே வேலைதான். அதனால் நான் 'பெயர்ப்பட்டி' என்றுதான் எழுதுகிறேன். பெயர்ப்பட்டியலோடு குழம்புமே என்பார்கள், கொஞ்சம் குழம்பும்தான். ஆனால் மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லும் காரணம் அது இல்லை, பழைய கோப்பில் பெயர்வெளி ஏறிவிட்டதாம், இனி மாற்ற முடியாதாம். ஒரு சொல்லையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து ஏற்றியிருந்தால் தேவலை.

தம்பியிடம் பட்டி என்று சொன்னேன். "அப்பப் படலை யாருங்ண்ணா தொறக்கறது?" என்று கேட்டார்.