சிகரெட்டை நிறுத்த எந்த வழி எவ்வளவு கைகொடுக்கும்?

மன உறுதியை மட்டும் நம்பி சிகரெட்டை நிறுத்துகிறவர்களில், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்தும் தொடாமல் இருப்பவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர்தான். மற்றவர்களை மனத்திடம் இல்லாதவர்கள் என்று பழிப்பது அநியாயம். இழுத்த புகையிலுள்ள நிகோடின் 10 முதல் 20 விநாடிகளில் மூளைக்குப் போய், அங்குள்ள ஏற்பிகளில் ஒட்டி, இன்ப உணர்வைத் தரும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் நிகோடின் அளவு பாதியாகிவிடும். உடனே மூளை அடுத்த சிகரெட்டைக் கேட்கும். நிறுத்திய முதல் சில நாட்களில் எரிச்சலும் தவிப்பும் உச்சத்தில் இருக்கும்.

தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நிகோடினைக் கசியவிட்டு அந்தத் தவிப்பைத் தணிக்கிறது. புகையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் கிடையாது. ஆனால் திடீரென்று கிளம்பும் ஆசைக்கு அது போதாது, அதற்குத்தான் நிகோடின் சூயிங்கம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பலன் கூடுகிறது. சூயிங்கத்தைப் பலர் மிட்டாய் போல மென்று எச்சிலை விழுங்கிவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள். சில தடவை மென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். வாயின் உட்தோல் வழியாகத்தான் மருந்து உள்ளே ஏறும். காபி குடித்த கையோடு மென்றால், காபியின் அமிலத்தால் அதுவும் சரியாக நடக்காது.

வாரெனிக்ளின் மாத்திரை வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அது நிகோடினின் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொண்டு, அதைப் பாதியளவு மட்டும் தூண்டுகிறது. அதனால் தவிப்பு அடங்கும். நடுவில் ஒரு சிகரெட் பிடித்தாலும், இடம் ஏற்கெனவே பிடிபட்டுவிட்டதால் பழைய சுகம் கிடைக்காது. 2016இல் வெளியான, சுமார் 8,000 பேர் பங்கேற்ற ஈகிள்ஸ் ஆய்வில், 9ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரை புகைக்காமலே இருந்தவர்கள் வாரெனிக்ளின் குழுவில் ஏறக்குறைய 22 சதவீதம். சிகரெட்டை நிறுத்தத் தரப்படும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியானுக்கும் பட்டைக்கும் தலா 16, மருந்தில்லாத போலி மாத்திரைக்கு 9. எல்லாக் குழுக்களுக்கும் ஒவ்வொரு சந்திப்பிலும் ஆலோசனை தரப்பட்டது என்பதையும் கவனியுங்கள்.

சரி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரேயடியாக நிறுத்துவதா? 697 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 22 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் புகைக்கவில்லை. குறைத்துக்கொண்டே வந்தவர்களில் 15.5 சதவீதம். அதனால் நாள் குறித்துக்கொள்வது நல்லது. வாரெனிக்ளினை வழக்கமாக அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் சாப்பிடுவார்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அளவு மாறும், ஆகவே மருத்துவரைப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.