ஸ்பேம் பட்டன் உங்கள் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள அல்ல

"சார், வெண்டர் அனுப்பின இன்வாய்ஸ் ஸ்பேமுக்குப் போயிடுச்சு. உங்க சர்வர்ல ஏதோ கோளாறு." மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு இந்த வாரமும் அதே புகார்தான். அந்த மெயிலின் ஹெடரை, அதாவது சோதனை முடிவுகள் பதிவாகும் தலைப்பகுதியை, திறந்து பார்த்தால் மொத்த ஸ்பேம் ஸ்கோர் 5.4. 5-ஐ எட்டினாலே ஸ்பேம். அதில் 3.5 'பேயஸ் 99' என்ற ஒரே விதி போட்டது. அதாவது, இப்படிப்பட்ட சொற்கள் வந்தால் அநேகமாக ஸ்பேம்தான் என்று எங்கள் ஸ்பேம் ஃபில்டரான ஸ்பேம்அசாசினின் பேயஸ் பகுதி பழைய மெயில்களைப் பார்த்துக் கற்று வைத்திருக்கிறது.

கற்றுக்கொடுத்தது யார்? பாக்கி கேட்டு வரும் மெயிலையெல்லாம் எரிச்சலில் ஸ்பேம் என்று தள்ளிவிட்ட அக்கவுண்ட்ஸ் பிரிவு! இன்வாய்ஸ், ஜிஎஸ்டி, பேமென்ட் எல்லாம் கெட்ட வார்த்தைகள் ஆகிவிட்டன. ஆபீஸ் முழுக்க ஒரே பேயஸ் டேட்டாபேஸ் என்பதால் பர்ச்சேஸ்காரர் தலையில் விடிந்தது.

எத்தனை தடவை சொன்னாலும் ஏறமாட்டேன் என்கிறது: பிடிக்காத மெயில் வேறு, ஸ்பேம் வேறு. நீங்களே பேர் கொடுத்து வாங்கும் நியூஸ்லெட்டர் ஸ்பேம் இல்லை, அன்சப்ஸ்கிரைப் செய்யுங்கள். பாக்கி கேட்பவர் மெயில் ஸ்பேம் இல்லை, பதில் போடுங்கள். பழைய கம்பெனி ஆள் அனுப்பும் பொங்கல் வாழ்த்தும் ஸ்பேம் இல்லை. படிக்காமல் அழித்தால் போதும்.

அடுத்தது, ஸ்பேம் ஃபோல்டரில் நல்ல மெயிலைப் பார்த்துவிட்டு, படித்து முடித்து, அங்கேயே டெலிட் செய்வது. ஃபில்டருக்கு அதனால் ஒன்றும் தெரியாது. தானாகவும் திருந்தாது. ஃபில்டர் தானே கற்கும் வசதியான ஆட்டோலேர்ன், ஸ்கோர் 0.1-க்குக் கீழே போனால்தான் நல்லது என்று எடுத்துக்கொள்ளும், 12-ஐ எட்டினால்தான் ஸ்பேம் என்று எடுத்துக்கொள்ளும். 5.4-இல் மாட்டிய மெயிலைத் தொடவே தொடாது. அதை நீங்கள்தான் 'நாட் ஸ்பேம்' என்று சொல்லியாக வேண்டும்.

தவறாக மாட்டிய மெயிலை எனக்குக் காட்ட ஃபார்வேர்டு செய்யாதீர்கள், ஹெடர் போய்விடும். அட்டாச்மென்டாக அனுப்புங்கள்.

அட்மின் தம்பிகளுக்கு: ஸ்பேமை மட்டும் ஊட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஸ்பேம், நல்லது என இரண்டு பக்கமும் தலா 200 மெயில் சேராமல் பேயஸ் வாயே திறக்காது. சர்வரின் தலைமை யூசரான ரூட்டில் இருந்துகொண்டு, ஃபில்டருக்குக் கற்றுக்கொடுக்கும் 'எஸ்ஏ-லேர்ன்' கட்டளையை ஓட்டிவிட்டு, ஃபில்டர் வேறு யூசரில் ஓடினால், கற்றது ரூட்டின் வீட்டிலேயே கிடக்கும். புகார் வந்ததும் அந்த டொமைனையே கண்ணை மூடிக்கொண்டு வைட்லிஸ்ட் (எப்போதும் அனுமதிக்கும் பட்டியல்) செய்வதும் வேண்டாம். ஃப்ரம் முகவரியை யாரும் போலியாகப் போடலாம், அனுப்பிய டொமைனின் டிஜிட்டல் கையெழுத்தான டிகேஐஎம்-ஐச் சரிபார்த்த பிறகே விடுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். வாரம் ஒருமுறையாவது ஸ்பேம் ஃபோல்டரை எட்டிப் பாருங்கள். ஜிமெயிலில் 30 நாள் தாண்டினால் அதில் இருப்பது தானாக அழிந்துவிடும், அப்புறம் என்னைக் கூப்பிட்டும் பயனில்லை.