ஆப்ஷனல்: விருப்பமா, உறழ்வா?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கருனியை (கெர்னல்) மூலநிரலிலிருந்து கட்டுபவர்களிடம் அடிக்கடி அடிபடும் சொல் 'ஆப்ஷனல்'. ஒரு கூறு ஆப்ஷனல் ஆகிவிட்டது என்றால், கருனியைக் கட்டும்போதே அதைச் சேர்க்கலாம், விட்டும்விடலாம் என்று பொருள். பிறகு அமைப்புகளுக்குள் போய் அணைத்துவைக்கும் வசதி அன்று இது. விட்ட கூறு கருனிக் கோப்பிலேயே இருக்காது.

லத்தீனில் 'ஆப்டாரே' என்றால் விரும்புதல். தேர்ந்தெடுத்தல் என்றும் பொருள். அதன் வழியில் பிறந்த 'ஆப்ஷன்' பிரெஞ்சைக் கடந்து ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழாக்கியவர்கள் விரும்புதலைப் பிடித்துக்கொண்டார்கள்: பள்ளியில் விருப்பப் பாடம், கணினியில் விருப்பத்தேர்வு.

கருனிக்கு இது பொருந்தவில்லை. எந்தெந்தக் கூறுகளைச் சேர்ப்பது என்று குறிப்பதற்காக 2002-இல் கருனியின் 2.5 வரிசைக்குள் வந்த கேகான்ஃபிக் மொழியில், பல கூறுகளுக்கு ஒய், எம், என் என்ற மூன்று நிலைகள் உண்டு. ஒய் என்றால் கருனிக்குள்ளேயே சேரும். எம் என்றால் தேவைப்படும்போது ஏற்றத் தனி மாட்யூலாக நிற்கும். என் என்றால் கிடையாது. வேறு சிலவற்றுக்கு ஒய், என் மட்டுமே. இதற்கு மேல் 'செலக்ட்' என்றொரு கட்டளை இருக்கிறது. ஒரு கூறு அதைக் கொண்டு இன்னொன்றைக் கூடவே இழுத்து வந்துவிட்டால், நாம் வேண்டாம் என்று குறிக்கவே முடியாது. இதில் யாருடைய விருப்பம்? 'தெரிவு' என்பது தேவலை. ஆனால் அது தேர்ந்தெடுப்பவரின் செயலைச் சொல்கிறதே தவிர, கூறின் இயல்பைச் சொல்லவில்லை.

அந்த இயல்புக்கு நம் இலக்கணத்தில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: உறழ்வு. இகர, ஐகார ஈற்றுப் பெயர்கள் அல்வழியில், அதாவது வேற்றுமைப் பொருள் இல்லாத தொடரில், புணரும்போது இயல்பாவன, வல்லெழுத்து மிகுவன, உறழ்வன என மூவகைப்படும் என்கிறது தொல்காப்பியம். கிளி குறிது என்றாலும் சரி, கிளிக்குறிது என்றாலும் சரி. ககர ஒற்று வந்தாலும் வராவிட்டாலும் தொடர் பிழையாவதில்லை.

கருனியில் இந்தப் பிழையின்மை தானாக வருவதில்லை. ஒரு கோப்பைக் கட்டுமானத்திலிருந்து நீக்குவது ஒருவரி வேலை; அதிலுள்ள செயற்கூறுகளை (ஃபங்ஷன்) அழைக்கும் மற்ற இடங்கள்தான் தலைவலி. அதற்காகத் தலைப்புக் கோப்பில் (ஹெடர்) அதே பெயரில் வெற்றுச் செயற்கூறுகளை எழுதிவைக்கிறார்கள். நீக்கியது ஒரு கணினி அழைப்பு, அதாவது நிரல்கள் கருனியிடம் வேலை கேட்கும் வழி என்றால், பயனர் நிரலுக்கு 'ஈநோசிஸ்' என்ற பிழைக்குறி திரும்பும்: அப்படியொரு அழைப்பு இங்கே இல்லை. 2015-இல் வெளியான 4.1 பதிப்பில் பல பயனர்களுக்கான ஆதரவே இப்படி உறழ்வானது. அதை விட்டுக் கட்டினால் எல்லாச் செயல்முறைகளும் எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் பயனராகவே ஓடும். கருவிகளுக்குள் பதித்துவைக்கும் மிகச் சிறிய பதிகணினிகளுக்கு அது போதும். மேசைக் கணினியில் யாரும் முயலவேண்டாம்.

ஆகவே ஆப்ஷனல் கூறு உறழ்கூறு. ஒன்றை அப்படி ஆக்குவது உறழ்வாக்கம். 'மாட்யூல்' இதனுள் அடங்கும் ஒரு நிலை மட்டுமே, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. உறழ்தலுக்கு ஒத்தல், மாறுபடுதல் என்ற பொருள்களும் உண்டே என்று இலக்கியம் படித்தவர்கள் கேட்கலாம். உண்டுதான். ஆனால் கருனியைப் பற்றிய வாக்கியத்தில் அவை வந்து குறுக்கிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.